வெள்ளைத் தொட்டிக் கனகாம்பரம்

என் மருமகள் எதையும் தூக்கிப் போடமாட்டாள். இதை நான் குறையாகச் சொல்கிறேனா, பெருமையாகச் சொல்கிறேனா என்று கேட்டால் எனக்கே பிடிபடவில்லை. வீட்டுக்குள் உழைத்து ஓய்ந்த சாமான் எதுவானாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையால் பெயிண்ட் அடி வாங்கும். மறு ஞாயிறு தோட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவாக வரும். வந்தால் என்ன, எனக்கென்ன ஆபீஸா இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்கிறவர்களுக்காவது புரிந்தால் சரி.

கல்யாணமாகிப் போன நாளிலிருந்து சிதம்பரம்தான் எனக்கு ஊர். வீட்டுக்காரர் போன பிறகு மகன் வந்து, "தனியா இருந்து இன்னா பண்ணப் போற, வா" என்று கடலூருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மஞ்சக்குப்பத்தில், மைதானத்துக்குப் பின்னால் ஒரு தெரு. மாடி வைத்த வீடு. அவனும் மருமகளும் மாடி ரூமில் படுப்பார்கள். எனக்குக் கீழே ரூம், கீழேயே பாத்ரூம். முழங்கால் வலியால் நான் மாடிப்படி ஏறுவதே இல்லை. மேலே என்ன இருக்கிறது, எது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் மண்தரை உண்டு. கேட்டைத் திறந்தால் முதலில் மதில் மேல் பெரிய பெரிய தும்பிகள் தெரியும். பழைய சீலிங் ஃபேன் இறக்கைகள் அவை. பச்சை, மஞ்சள் அடித்து ஆணி வைத்து மாட்டியிருக்கிறாள். கைப்பிடி போன குக்கரில் டேபிள் ரோஸ். கொய்யாக் கிளையில் கம்பி கட்டித் தொங்கும் மிக்சி ஜார்களில் ஏதோ தொங்கு செடி. துருப்பிடித்த கேஸ் அடுப்பின் மேல், பால் பாத்திரம் வைக்கிற இடத்தில் ஒரு தொட்டி, குழம்பு வைக்கிற இடத்தில் ஒரு தொட்டி. இரும்புக் கட்டிலை நிமிர்த்தி நிறுத்தி அதில் சங்குப்பூ ஏற்றியிருந்தாள். அந்தக் கட்டிலில்தான் என் மகன் சின்ன வயதில் படுத்துக் கிடந்தான். இப்போது அதன் மேல் கொடி படுத்துக் கிடக்கிறது.

எல்லாம் செல்லில் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். ஆபீஸ் விட்டு வந்து காபி குடிக்கும்போதும் அதைத்தான் பார்ப்பாள்.

வந்த புதிதில் ஒரு நாள் என் இட்லிப் பானையைத் தேடினேன். சிதம்பரத்திலிருந்து நான் கையோடு கொண்டுவந்த பித்தளைப் பானை. அடுக்களை முழுக்கத் தேடிவிட்டு வாசலுக்கு வந்தால், அதில் கற்றாழை நிமிர்ந்து நிற்கிறது.

"இது என் பானை" என்றேன்.

"அது ஓட்டை அத்தை. அடியில சொட்டுது."

"சொட்டுனா பத்த வச்சிக்கிறது."

"யாரு பத்த வைக்கிறாங்க இப்ப? இங்க பாருங்க, எவ்வளோ அழகா இருக்குது. உள்ள இருந்தா யாரு பாப்பாங்க?"

உள்ளே இருந்தால் யார் பார்ப்பார்கள் என்றால், இட்லிப் பானையை யாராவது பார்க்கவா வைத்திருக்கிறார்கள்? அதைக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் தெருவில் போன ஒரு பெண் கேட்டுக்கு வெளியே நின்று செல்லில் போட்டோ எடுத்தாள்.

"எங்கம்மா வாங்கினீங்க இத?"

"சிதம்பரத்துல. என் கல்யாணத்துக்கு" என்றேன்.

"ஆன்லைன்ல கெடைக்குமா?"

கெடைக்கும் என்பதா, கெடைக்காது என்பதா? என் கல்யாணமா, பானையா, எதைக் கேட்கிறாள்? நான் சும்மா சிரித்து வைத்தேன்.

இப்படியே ஒரு வருஷம் போனது. அந்தத் தெருவில் எனக்கென்று ஒரு பேர் கிடையாது. "அந்தத் தும்பி வீட்டு சாரோட அம்மா" என்பார்கள். சிதம்பரத்தில் நான் கடைத்தெருவுக்குப் போனால் நாலு பேர் நின்று பேசுவார்கள். இங்கே என்னைப் பார்த்து நாய்கூடக் குலைக்காது, அவ்வளவுதான் என் மரியாதை.

தை மாதம் மாடி பாத்ரூமில் தண்ணீர் கசிந்து சுவரெல்லாம் ஊறிப்போனது. தரையைப் பெயர்க்க வேண்டும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றான் மகன். தூசியும் தட்டலும் எனக்கு ஆகாது என்று என்னைச் சிதம்பரத்துக்கு, நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை. நான் அந்த வீட்டில் கால் வைத்தபோது பாவாடை கட்டிக்கொண்டு ஓடியவள். இன்றைக்குப் பேத்தி எடுத்துவிட்டாள், நான் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். மடி, ஆசாரம் எல்லாம் அவளுக்கு ஜாஸ்தி. வாய் அதைவிட ஜாஸ்தி.

வேலை முடிந்து நான் திரும்பி வந்தபோது, என் ஜன்னலுக்கு நேராக, நல்ல வெயில் படுகிற இடத்தில், புதிதாக ஒரு தொட்டி இருந்தது. வெள்ளைப் பீங்கான். நீள்சதுரமாக, கையால் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். விளிம்பைச் சுற்றி நீலத்தில் மருமகள் கொடி வரைந்திருந்தாள். முன்பக்கம் ஓரத்தில் சின்ன ஓட்டை ஒன்று, அதில் சிப்பி வைத்து ஒட்டியிருந்தாள். அடியில் வட்டமாகப் பெரிய ஓட்டை. தண்ணீர் வடிவதற்குக் கம்பெனிக்காரனே போட்டுக் கொடுத்திருக்கிறான், செடி வளர்க்கத் தெரிந்தவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது நல்லா இருக்குது" என்றேன். அவள் செய்ததில் நான் வாய் திறந்து நல்லாயிருக்கிறது என்று சொன்னது அது ஒன்றைத்தான். அவளும் முகம் மலர்ந்து போனாள்.

"புடிச்சிருக்குதா அத்தை? உங்களுக்கு என்ன செடி வேணுமோ வைங்க."

நான் கனகாம்பரம் வைத்தேன். இரண்டு பதியன்.

பூ எனக்கு எதற்கு? வீட்டுக்காரர் போனதிலிருந்து என் தலைக்குப் பூ கிடையாது. ஆனால் கட்டுவதற்குக் கை மறக்கவில்லை. சித்திரையில் செடி பூத்தது பாருங்கள், இலை தெரியாமல் பூத்தது. அந்தத் தொட்டிக்கு என்ன ராசியோ என்று வியந்தேன். காலையில் பறித்து ஈரத் துணியில் சுற்றி வைப்பேன். கனகாம்பரம் இரண்டு மூன்று நாள் வாடாது. வெள்ளிக்கிழமைக்குள் நிறையச் சேர்ந்துவிடும். நடுநடுவே மருவு இலையும் வைத்துக் கட்டி, தெருக்கோடி அம்மன் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அது சின்னக் கோவில்தான். பூசாரி பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பிள்ளை. முதல் வாரம் வாங்கிச் சாத்தினான். இரண்டாம் வாரம், "பெரியம்மா, இந்த மாதிரி நெருக்கமா யாரும் கட்றதில்ல" என்றான். அதற்கப்புறம் நான் போனால் பெண்கள் வழி விட ஆரம்பித்தார்கள். "கனகாம்பரத்தம்மா வராங்க, தள்ளுங்க" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. கடலூரில் எனக்கும் ஒரு பேர் வந்துவிட்டது. ஆடி கடைசி வெள்ளிக்குக் கூழ் ஊற்றுகிற அன்று, அம்மன் கழுத்துக்கு என் சரம்தான் முதலில் என்று பூசாரியே சொல்லிவிட்டான். நான் அதை யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சிதம்பரத்துக்கு மட்டும் போன் போட்டு, பாப்பாவிடம் சொன்னேன்.

அந்தக் கடைசி வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவளைப் பார்க்கச் சிதம்பரம் போனேன். வெறுங்கையோடு போகாமல் ஒரு முழம் கனகாம்பரம் கட்டிக் கொண்டுபோனேன். பாதியை அம்மன் படத்துக்குப் போட்டாள், பாதியைத் தலையில் வைத்துக்கொண்டாள். "கடலூர் பூவா அண்ணி, நெறம் தூக்குது" என்றாள். அவளுக்கும் முழங்கால் போய்விட்டது. அவள் மகன் பாத்ரூமைப் புதிதாகக் கட்டிக் கொடுத்திருக்கிறான் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

உள்ளே உட்காருகிற மாதிரி வெள்ளைப் பீங்கான். அதற்குப் பின்னால், சுவரை ஒட்டி, எங்கள் வீட்டுப் பூந்தொட்டி இருந்தது.

அதே நீள்சதுரம். அதே வழுவழுப்பு. நீலக் கொடி மட்டும் இல்லை. மூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தது, பிளம்பர் இன்னொரு தரம் வரவேண்டுமாம். உள்ளே தண்ணீர் தளும்ப நின்றது. அல்லிக் கிழங்கு போடப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கடலூரில் என் பாத்ரூமில் வாளியில் மொண்டு ஊற்றுவதுதான். ஆஸ்பத்திரியிலும் கல்யாண மண்டபத்திலும் நான் பார்த்ததெல்லாம் உயரத்தில், சுவரில் மாட்டிய பிளாஸ்டிக் பெட்டி. பீங்கானில், கைக்கெட்டுகிற இடத்தில், நான் பார்த்ததில்லை.

"பூந்தொட்டிய ஏன் பாத்ரூம்ல வச்சிருக்க பாப்பா? வெயிலே வராதே."

"எந்தத் தொட்டி அண்ணி?"

"இதோ, இது. எங்க வீட்டுல கனகாம்பரம் வச்சிருக்கிறனே, அதே மாதிரி. நீயும் வாங்கிட்டியா?"

அவள் என்னைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுல கனகாம்பரம் எதுல இருக்குதுன்னு சொன்னீங்க?"

"இதுலதான். எங்களுதுல இந்த ஓட்டையில சிப்பி ஒட்டியிருக்குது. ஒனக்குக் கைப்பிடி குடுத்திருக்கான்."

அவள் அந்தக் கைப்பிடியை அழுத்தினாள். தொட்டியிலிருந்த தண்ணீர் அடியிலிருக்கிற வட்ட ஓட்டை வழியாக மடமடவென்று இறங்கியது. கீழே பீங்கானுக்குள் சுற்றிச் சுழன்று போனது. கம்பெனிக்காரன் எதற்காக ஓட்டை போட்டான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பாப்பா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அண்ணி, அது கக்கூஸ் டேங்க் அண்ணி. அதுல பூ பறிச்சா கோவிலுக்குக் குடுத்தீங்க? எங்கிட்ட போன் போட்டு வேற பெருமை அடிச்சீங்களே. முதல் சரம் எங்களுது, முதல் சரம் எங்களுதுன்னு…"

சொல்லிக்கொண்டே இருந்தவளின் கை தலைக்குப் போனது. அப்படியே நின்றது.

"அண்ணி. இந்தப் பூ?"

"அதுலதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. பூவைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை, பூவை எடுக்கவும் இல்லை. கூடத்தில் அவள் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துப் போடேன்" என்றேன்.

"ஆடிச் செவ்வாயும் அதுவுமா, தலையில வச்ச பூவ எடுத்துப் போடச் சொல்றீங்களா? அவரு உக்காந்திருக்காரு."

"அப்ப இருக்கட்டும்."

"எப்படி இருக்கட்டும்?"

எனக்கு எப்படித் தெரியும்? இருவரும் அந்தப் பாத்ரூம் வாசலிலேயே நின்றோம். டேங்க் மறுபடி நிரம்புகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. படத்துக்குப் போட்ட பூவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றைக்கு மத்தியானம் வரை அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்துக்கொண்டிருந்தாள். கழுத்துப் பிடிப்பா என்று அவள் வீட்டுக்காரர் கேட்டார்.

கிளம்பும்போது, "கடைசி வெள்ளிக்கு நான் கடலூருக்கு வரேன். கூழும் குடிச்ச மாதிரி இருக்கும்" என்றாள்.

"எதுக்கு வர?"

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன் அண்ணி. என் வாய் ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் கேட்டேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புவனகிரி தாண்டி வயலெல்லாம் ஓடுகிறது, என் மனசு மட்டும் அந்தத் தொட்டியிலேயே நிற்கிறது. சித்திரையிலிருந்து அம்மன் அந்தப் பூவைத்தான் போட்டுக்கொள்கிறாள். தப்பு என்றால் அன்றைக்கே ஏதாவது காட்டியிருக்க வேண்டாமா? எனக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. மாறாக மகனுக்கு ஆபீஸில் உயர்வு வந்தது. அப்படியானால் அம்மனுக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தமா? அல்லது அவளுக்கும் என்னைப் போல அது என்ன தொட்டி என்று தெரியாதா? சாமிக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தே வாங்கிக்கொண்டாளா? யோசிக்க யோசிக்க ஒன்றிலிருந்து இன்னொன்று முளைக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மருமகளைக் கேட்டேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்து வந்தேன்.

"அந்த வெள்ளத் தொட்டி எங்க இருந்துது?"

"மாடி பாத்ரூம்ல அத்தை. கீழ் பீங்கான் விரிசல் விட்டுடுச்சி, டேங்க் மட்டும் நல்லா இருந்துது. ஏன்?"

"ஏங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம். "ஒங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சேதான் அதுல பூ பறிச்சி சாமிக்குக் குடுக்கிறீங்க, எவ்வளோ பெரிய மனசுன்னு ஆபீஸ்லகூடச் சொன்னேன் அத்தை. எல்லாரும் ஒங்களப் பத்திப் பேசுனாங்க."

 நான் அறியாமல் செய்ததை அவள் பெரிய மனசு என்று நினைத்திருக்கிறாள். அந்தப் பெரிய மனசு எனக்குக் கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருக்கிறது என்று சொல்லவும் வரவில்லை.

"ப்ளீச்சிங் போட்டு, வெயில்ல காய வச்சி, அப்பறந்தான் மண்ணு போட்டேன்" என்றாள்.

ராத்திரி சாப்பாட்டில் மகனும் சேர்ந்துகொண்டான். "அந்த டேங்க்ல நிக்கிறது நல்ல தண்ணிம்மா. மொட்டமாடி டேங்க்லேர்ந்து வர்றதுதான். அழுக்கு அங்க வரைக்கும் வரவே வராது."

"அப்படின்னா நீ அதுல மொண்டு குடிப்பியா?"

அவன் தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டான். 

"வேற தொட்டிக்கு மாத்திடலாம் அத்தை" என்றாள் மருமகள்.

மாற்றலாம். மாற்றினால் செடி வேறாகிவிடுமா? வேர் அந்த மண்ணைக் குடித்துத்தானே இவ்வளவு வளர்ந்தது. அதுவுமில்லாமல், வெள்ளிக்கிழமை பூ வேண்டும். நடுவில் பிடுங்கி நட்டால் மொட்டெல்லாம் கொட்டிவிடும். திருப்பாப்புலியூர் மார்க்கெட்டில் பூ வாங்கிக் கட்டிவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் முதல் சரம் என்று பூசாரி சொன்னது என் வீட்டுப் பூவை. கடைப் பூவை என் பூ என்று கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. தோட்டத்தில் போய் நின்று பார்த்தேன். என் இட்லிப் பானை அடுப்பிலிருந்து வாசலுக்கு வந்துவிட்டது. கக்கூஸ் டேங்க் வாசல் வழியாகக் கோவிலுக்குப் போய்விட்டது. எது ஏறிற்று எது இறங்கிற்று என்று ஒன்றும் விளங்கவில்லை.

வியாழக்கிழமை வரை பூ பறித்தேன். பறிக்காமல் இருக்கவும் முடியவில்லை. கட்டினேன்.

வெள்ளிக்கிழமை பாப்பா பஸ் பிடித்து வருவதற்குள் கோவிலுக்குப் போய்விட வேண்டும் என்று விடிந்ததும் கிளம்பினேன். யார் வாயாவது சொல்வதற்கு முன்னால் என் வாயே சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் சொல்லி என் மானம் போவதை நான் நின்று பார்க்கமாட்டேன். வழிவிடுகிறவர்கள் இனிமேல் விடமாட்டார்கள் என்றால், அதுவும் என் சொல்லாலேயே போகட்டும்.

பூசாரி அபிஷேகம் முடித்து, அம்மனுக்குச் சந்தனம் சாத்தி, கையைக் கழுவிக்கொண்டிருந்தான். வாசலில் கூழுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள், உள்ளே வேறு யாரும் இல்லை. வாழையிலையில் சுற்றிய சரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன். தொட்டி எது, எங்கிருந்து வந்தது, எனக்கு எப்படித் தெரிந்தது, எல்லாவற்றையும். அவன் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிசாக இருந்தது.

"மேல் டேங்க் தண்ணியா, நேரா போர் தண்ணியா பெரியம்மா?"

"மொட்டமாடி டேங்க்னு சொல்றான் என் மகன்."

"இங்க அபிஷேகத்துக்கும் பக்கத்து வீட்டு மொட்டமாடி டேங்க் தண்ணிதான்." தலையைச் சொறிந்தான். "ஆனா அது பைப்புல வருது. இது… எனக்கும் தெரியல பெரியம்மா. எங்கப்பா இருந்தா சொல்லியிருப்பாரு. அவரும் இந்த மாதிரி ஒண்ணப் பாத்திருக்க மாட்டாரு."

"அப்ப வேணாம்னு சொல்லிடு. நான் கொண்டுபோயிட்றேன்."

"நான் எப்படி வேணாம்னு சொல்றது? இத்தன மாசம் போட்டுக்கிட்டவ அவ. அவளையே கேட்டுடுவோம். பூ கேப்போம்."

பூ கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். அம்மன் தோளில் ஒரு பூவை வைத்து மனசில் கேட்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். நிலம் வாங்க, பெண் எடுக்க எல்லாம் கேட்பார்கள். பூசாரி தட்டைப் பார்த்தான். அரளி இன்னும் வரவில்லை, மார்க்கெட்டிலிருந்து கூழ் சாமானோடு வருமாம்.

"இதுலேர்ந்தே ஒண்ணு குடுங்க."

"இந்தப் பூ ஆகுமான்னு கேக்கறதுக்கு இந்தப் பூவையேவா வைக்கிறது?"

அவனும் யோசித்தான். "ஆகாதுன்னா தூக்கிப் போட்டுட்டுப் போறா" என்றான்.

கட்டாமல் இலையில் உதிரியாக இருந்த ஒரு பூவைக் கொடுத்தேன். அம்மன் தோளில் வைத்துவிட்டு விலகி நின்றான். நான் கண்ணை மூடிக் கேட்டேன். கேட்டேன் என்று சொல்கிறேனே தவிர, என்ன வார்த்தையில் கேட்பது என்று தெரியாமல், "இது எங்க இருந்துதுன்னு ஒனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாமப் போச்சி" என்று மட்டும் சொன்னேன்.

கண்ணைத் திறந்தேன். பூ அங்கேயே இருந்தது.

காத்திருந்தோம். வலமும் இல்லை, இடமும் இல்லை. வாசலில் கேழ்வரகு மாவு கரைக்கிற சத்தம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர ஆரம்பித்தார்கள். பூசாரி சூடம் ஏற்றிக் காட்டினான். பூ அசையவில்லை.

"என்ன கேக்கறீங்க?" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

"பெரியம்மா ஒரு விஷயம் கேக்கறாங்க, சும்மா இரு" என்றான் பூசாரி.

அந்த நேரம் பார்த்துப் பாப்பாவும் வந்து சேர்ந்தாள். சிதம்பரம் பஸ்ஸின் தூசியோடு, நேராகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். என் கையிலிருந்த இலைப் பொட்டலத்தைப் பார்த்தாள். அம்மன் தோளைப் பார்த்தாள். சட்டென்று விளங்கிக்கொண்டாள், அவள் கெட்டிக்காரி.

"விழலியா?" என்று என் காதில் கேட்டாள்.

"விழல."

"அப்படின்னா பதில் சொல்ல இஷ்டமில்லன்னு அர்த்தம்."

பூசாரிக்குக் காது கூர்மை. "அப்படி இல்லீங்க. விட மனசில்லாம புடிச்சிக்கிட்டாள்னு அர்த்தம்" என்றான். சொல்லிவிட்டுக் கையை நீட்டினான். "குடுங்க பெரியம்மா. கூழு ஆறிடும்."

நான் பாப்பாவைப் பார்த்தேன். சொல்வதானால் அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள்.

"எங்க அண்ணி கட்டுனா நார் வெளிய தெரியாது, பாத்துச் சாத்துங்க" என்றாள் பூசாரியிடம்.

சரம் அம்மன் கழுத்தில் ஏறியது. முதல் சரம். பெண்கள் குலவை போட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, எதற்கு வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கற்பூரத்தட்டு வந்தபோது பூசாரி சரத்திலிருந்து ஒரு கண்ணியைப் பிய்த்துப் பாப்பாவிடம் நீட்டினான். அவள் ஒரு நொடி கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் செருகிக்கொண்டாள். இந்தத் தரம் தலையைச் சாய்க்கவில்லை.

கூழ் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு அந்தச் சந்தனம் ஞாபகம் வந்தது. நான் போனபோது அவன் அப்போதுதான் சாத்திவிட்டுக் கை கழுவினான். ஈரச் சந்தனத்தில் கனகாம்பரத்தை வைத்தால் எப்படி விழும்? அதற்கு எடையே கிடையாதே. கல்லை வைத்தாலும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். தெரிந்தே வைத்தானா அந்தப் பிள்ளை?

அடுத்த வெள்ளி சரம் கொண்டுபோனபோது கேட்டேன்.

"அன்னிக்குச் சந்தனம் காஞ்சிருந்துதா தம்பி?"

"காஞ்சிருக்கும் பெரியம்மா. நான் பாக்கல" என்றான். சரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நான் உள்ளே போய்த் தொட்டுப் பார்க்க முடியாது. இனிமேல் பார்த்தும் பயனில்லை. பெண்கள் வழக்கம்போல எனக்கு வழி விட்டார்கள்.

இப்போது மருமகள் எதைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாலும், இது எங்கே இருந்தது என்று முதலில் கேட்டுவிடுகிறேன். போன ஞாயிறு ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம்மை உருட்டிக்கொண்டு போனாள். கேட்டேன். "அரிசி டிரம்மு அத்தை" என்றாள். அதில் என்ன செடி வைப்பது என்று கேட்டாள். அரிசி இருந்த இடம், நல்ல இடம்தான். கனகாம்பரத்தை அதற்கு மாற்றிவிடலாமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வெள்ளைத் தொட்டியில் இலை தெரியாமல் பூ. அம்மன் ஒரு வேளை இதைத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறாள் என்றால், நான் மாற்றினால் அது வேறு செடியாகிவிடுமே.

"கத்திரி வை" என்று சொல்லிவிட்டு, வெள்ளைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அடியில் இருக்கிற அந்த வட்ட ஓட்டை வழியாக அது மெதுவாக மண்ணில் இறங்கியது.